மலையிலே தோன்றிய பாலை

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நானிலம் வகுத்து, அவற்றுக்குத் தெய்வமும் உரைத்த தொல்காப்பியர், பாலையை நடுவுநிலைத் திணை எனச் சுட்டி, நண்பகல், வேனில் முதலிய பொழுதுகளை மட்டுமே அதற்கு உரித்தாக்கி அமைந்தார். அதன் நிலம் யாது என்னும் வினாவுக்கு விடை தந்தவர் இளங்கோவடிகள். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழியை விளக்கும்போது, முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் வளங்குன்றும் காலத்தில் அவையே பாலையாகிவிடுகின்றன என்கின்றான். அங்ஙனம் மாறிய நிலம் தன்னிடம் வருவோரை நடுக்கும் என்பதையும் அவன் சொல்லத் தவறவில்லை.

இவ்விளக்கத்தின்படி பாலை பிறப்பினாலே பாலையாவதில்லை, திரிபினாலே ஆவது. அந்நிலத்து மாந்தரின் கொடுமையும் அத்தகையதே. பாலைக்கலியில் வரும் மறவர், வழிச்செல்வோரிடம் பறித்தற்குரிய பொருள் இல்லையென்று கண்டும், வீழ்ந்த உடல் துடிப்பதைப் பார்ப்பதற்காகவே உயிரைக் கவர்கின்றனர். புலவர் இதனை மறைக்கவுமில்லை, மெழுகவுமில்லை. வேட்டுவ வரி இன்னும் ஒரு படி உள்ளே செல்கின்றது. பகைவர் ஊரில் ஆநிரை பெருக எயினர் குடி மெலிந்ததென்று தெய்வமேறிய சாலினி கூறுகின்றாள். கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாவிடின் வில்லுக்கு வெற்றியில்லை என்கின்றாள். கொள்ளைக்கு எழும் எயினனை முதலில் எழுப்புவது சினமன்று, அச்சமே. வறண்ட நிலம் அச்சத்தைத் தருகின்றது, அச்சம் வில்லை வளைக்கின்றது என்னும் இத்தொடர்ச்சியைத் தமிழ்ப் புலவர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுந்த இலக்கியத்தை மதிப்பிடுதற்கு இதனினும் ஏற்ற அளவுகோல் பிறிதில்லை எனலாம்.

முதற் பார்வையில் இது பொருந்தாத அளவுகோலாகத் தோன்றும். நுவரெலியாவும் அட்டனும் தலவாக்கலையும் வெயிலால் வாடும் ஊர்களல்ல. உயர்ந்த மலைகளில் மழையும் மூடுபனியும் ஓயாத நாடு அது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் சிங்களர் 'நெலு' என்று வழங்கும் குறிஞ்சியினப் பூக்கள் பல்லாண்டுக்கு ஒருமுறை திரளாகப் பூக்கின்றன. எனவே பெயரளவிலன்றி மெய்யாகவே அது குறிஞ்சி. ஆயினும் அந்நிலத்திற் பிறந்த கதைகளையும் பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, புணர்தலாகிய குறிஞ்சியின் உரிப்பொருள் அங்கு மிக அருகியே காணப்படும். பிரிவும் அச்சமும் ஆறலைப்பும் ஆகிய பாலைப் பண்புகளே மேலோங்கி நிற்கும். மழை பெய்யும் மலையிலே பாலை எவ்வாறு தோன்றிற்று?

குளிரின்மேற் பழியைப் போடுவது எளிது. தட்பவெப்பமே மாந்தர் குணத்தை ஆக்குகின்றது என்னும் கொள்கை ஐரோப்பாவிற் பழையது. 1748இல் வெளிவந்த தம் நூலில் மொந்தெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் வெப்பநாட்டார் கோழைகள் என்றும் குளிர்நாட்டார் தீரர் என்றும் எழுதினார். அது மெய்யாயின் நுவரெலியாவின் லயங்களில் வாழ்ந்தோர் அஞ்சா நெஞ்சினராதல் வேண்டும்! உண்மையோ வேறு. அதே குளிரை நாடி ஆங்கிலேயர் உடல்நலம் பெறுதற்கு அங்குச் சென்றனர். ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும் 1876இல் ஒரு கழகமும் அமைத்துக்கொண்டனர். பங்களாவின் கணப்படுப்பருகே இன்பமாயிருந்த குளிர், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயக்காம்பராவிலே ஒரே கம்பளியைப் பங்கிட்ட குடும்பத்துக்கு நோயாயிற்று. அக்கம்பளியும் கணக்கிற் பற்றெழுதி, கூலியிற் கழிக்கப்பட்டது. இயற்கை ஒன்றே, அதனைக் கொடியதாக்கியது இடையில் எழுப்பப்பட்ட ஏற்பாடு. இளங்கோவடிகளின் பாலையைத் திரித்தது ஞாயிறு. மலையகத்துப் பாலையைத் திரித்தோர் மனிதர்.

அவ்வேற்பாட்டின் உறுப்புகளை இலக்கிய மாணவன் அறிதல் வேண்டும். இன்றேல் கதைகளில் வரும் பல செய்கைகள் காரணமற்றனவாய்த் தோன்றும். கோப்பிக்காக அழிக்கப்பட்ட காடுகளில், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின், தேயிலை பரவிற்று. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தேயிலைப் பயிரே அதற்கு முன்னோடி. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். அந்நிலை 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. கடன் கங்காணியிடம்; துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஆளோடு ஆளின் கடனும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. விடியலிற் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்றல் வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். துரை வரும் வழியில் தலைப்பாகையை அவிழ்த்து ஒதுங்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் தனித்து நோக்கின் பெருங்கொடுமையாகத் தோன்றாது; ஒரு நாளின் ஒவ்வொரு நாழிகையிலும் ஒவ்வொன்றாய் வந்து சேரும்போது அச்சம் ஓர் உணர்ச்சியாக இராமல் வாழும் முறையாகிவிடுகின்றது.

இங்கே இலங்கைச் சூழலில் எழுந்த இன்னொரு பெருநூலை ஒப்புநோக்குதல் பயன்தரும். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட நாவல் காட்டுக்கு நடுவிலுள்ள பெத்தேகம என்னும் சிற்றூரைப் பற்றியது. அங்குக் காடே முதன்மைப் பாத்திரம். வறட்சியும் பசியும் காய்ச்சலும் இருளும் ஊரைச் சூழ்ந்திருக்கின்றன. வேட்டைக்காரன் சிலிந்து விலங்குகளிலும் மென்மையானவன். முதலாளி பெர்னாண்டோவும் ஊர்த்தலைவன் பபேஹாமியும் அவன் மகளைக் குறித்து இழைத்த சூழ்ச்சியால் மூலைக்குத் தள்ளப்பட்டபோது, துப்பாக்கியை எடுத்து இருவரையும் சுட்டு வீழ்த்துகின்றான். பலரும் இக்கொலையையே நாவலின் உச்சமாகக் கொள்வர். ஆயினும் அதற்கு முன்னர் வரும் சிறு நிகழ்ச்சி ஒன்று இதனினும் கொடியது. சிலிந்துவின் இளைய மகள் ஹின்னிஹாமி மான்கன்று ஒன்றைத் தன் பிள்ளைபோல் வளர்க்கின்றாள். ஊரில் வறட்சியும் நோயும் வந்தபோது, அத்தீங்குக்கு அவளும் அம்மானுமே காரணமென்று அஞ்சிய ஊரார் மானைக் கல்லெறிந்து கொல்கின்றனர்; அவளும் உயிர் பிழைக்கவில்லை. கல்லெறிந்தோர் கொடியரல்லர், மழைக்கு ஏங்கியோர். தம்மை உண்மையில் வருத்துவது எதுவோ அதனை எட்டித் தொட இயலாதோர், எட்டுகின்ற ஒன்றைத் தேடிக் கல்லெறிகின்றனர். வூல்ப் இதனைக் கண்டது பெரிது. எனினும் அவர் நூலில் தீமை காட்டின் இயல்பாகவே நின்றுவிடுகின்றது. இறுதியில் காடு ஊரை விழுங்கும்போது வாசகன் பெருமூச்செறிய மட்டுமே இயலும். தோட்டத்திலோ காடு வெட்டப்பட்டுவிட்டது. அங்கு அச்சத்துக்குக் கணக்குப் புத்தகமும் கையெழுத்தும் உண்டு.

தமிழில் இத்துறைக்கு வழிவகுத்த கதை புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் வெளிவந்த அக்கதையின் மருதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குச் செல்கின்றாள். தோட்டத்தைக் காட்டும் பகுதியில் ஆசிரியரின் சினம் விவரத்தை முந்திவிடுகின்றது. மலையும் பனியும் கொழுந்தும் அங்கு நரகத்தின் திரைச்சீலைகளே. ஆயினும் ஒரு செய்தியில் பின்வந்த பலரினும் அவர் தெளிவுடையவர். மருதியின் அச்சம் கப்பலேறியபின் தொடங்கியதன்று, ஊரிலேயே தொடங்கியது. நிலமற்றவளாய், தாழ்த்தப்பட்டவளாய் அவள் அங்கு நடுங்கியிராவிடின் கங்காணியின் இனிய சொல் அவளை ஈர்த்திராது. கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டதும் இதனாலேயே மிகப் பொருத்தமுடையதாகின்றது. அருகில் இருந்த வறட்சியே தொலைவைப் பச்சையாக்கிற்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, 2007இல் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவலிலும் இதே வழியே காணப்படும். சமவெளியின் பசி ஒரு கதவைத் திறக்க, மலையின் கடன் பின்னிருந்து அதனைத் தாழிடுகின்றது.

அச்சம் ஆளப்படுவோர்க்கு மட்டும் உரியதெனக் கருதுவதும் பிழை. முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய அஸ்ஸாம் தோட்ட நாவலில், கங்கு என்னும் பஞ்சாப் உழவன் தன் மகளைக் காக்க முற்படுகையில் உதவித் துரையாற் சுட்டுக் கொல்லப்படுகின்றான். நீதிமன்றம் துரையை விடுவிக்கின்றது. குறை கூற வந்த தொழிலாளர் கூட்டத்தைக் கண்டவுடன் துரைமார் அதனைக் கலகமெனக் கொண்டு கலங்கும் பகுதி இந்நாவலின் உயிர்நிலை. நூற்றுக்கணக்கானோர் நடுவே தனியாய், பிறமொழி பேசி, மலைமுகட்டில் வாழ்பவன் இரவிற் கேட்கும் ஒவ்வொரு பறையொலியையும் தனக்கெதிரான அறிகுறியென்று நினைத்தல் இயல்பு. ஜோர்ஜ் ஓர்வெல் 1936இல் எழுதிய பர்மியக் கட்டுரையில், பின்னால் நிற்கும் கூட்டம் நகைக்குமே என்னும் அச்சத்தாலேயே வெள்ளை அதிகாரி ஒருவர், மதம் தணிந்து நிற்கும் யானையைச் சுடுகின்றார். துரையைக் கல்நெஞ்சன் என்று மட்டும் வரைந்த மலையகக் கதைகள் பல ஒருமுறை படித்தவுடன் மறக்கப்படுவதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. அஞ்சாத கொடியவன் நாடகமேடைக்கு உரியவன். அஞ்சும் கொடியவனே உண்மையில் ஆபத்தானவன்.

வன்செயல் மேல்நோக்கி எழுந்த நாள்களும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த ஆண்டு புசல்லாவைப் பகுதி ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் துரை ஒருவர் கொலையுண்டார். தொழிலாளர் இருவர் தூக்கு மேடை ஏறினர். 1977 மே மாதத்தில் தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். மலையக எழுத்தாளர் இத்தகைய நிகழ்ச்சிகளின்பால் ஈர்க்கப்பட்டமை வியப்பன்று. எனினும் இவற்றைத் தழுவிப் பிறந்த கதைகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தன: அடி வாங்கியவன் ஒரு நாள் நிமிர்கின்றான், கவ்வாத்துக் கத்தி மின்னுகின்றது, கதை முடிகின்றது. கத்தி ஓங்கிய கைக்குப் பின்னால் இருபது ஆண்டு நடுங்கிய கை ஒன்று இருந்தது என்பதை அக்கதைகள் காட்டுவதில்லை. அதனால் அவற்றின் வீரமும் நம்பத்தக்கதாயில்லை.

ஏனெனில் ஓங்கிய கை மிகப் பல நாள்களில் மேல்நோக்கிச் செல்லவில்லை. பிரட்டுக்களத்தில் வசைமொழி கேட்டு வாய்திறவாது நின்றவன், மாலையில் தவறணையிற் குடித்து, லயத்துக்குத் திரும்பி, மனைவியை அடித்தான். அவளோ நாள்முழுதும் மலையில் அட்டைக்கடி பொறுத்துக் கொழுந்து கொய்து, நிறுவையில் அவமானப்பட்டு, பீலியில் நீர் சுமந்து வந்து அடுப்பை மூட்டியவள். அவள் கை பிள்ளைமேல் விழுந்தது. தோட்ட வாழ்க்கையின் வன்செயலில் மிகப் பெரும்பகுதி இச்சிறு அறைக்குள் நிகழ்ந்தது. பொலிஸ் பதிவிலோ சங்கத்து நோட்டீசிலோ அது இடம்பெறவில்லை. எழுத்தாளர் பலரும் இதனைத் தொடத் தயங்கினர். தொழிலாளியைக் குறை கூறுவதாகிவிடுமோ என்னும் நல்லெண்ணமே அத்தயக்கத்துக்குக் காரணமாகலாம். நல்லெண்ணம் இலக்கியத்துக்குப் போதாது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் கதை இன்றும் புத்தொளி குன்றாதிருப்பது, துரையையோ சவுக்கையோ நாடாமல், ஒரு பெண்ணின் கூடை நிறையைச் சுற்றி எழும் ஐயத்தையும் அவள் மானத்தையும் மட்டுமே பற்றி நிற்பதனாலாகும். அக்கதையில் யாரும் யாரையும் வெட்டவில்லை. ஆயினும் ஓர் இறாத்தல் கூடினாலும் குறைந்தாலும் ஒருவரையொருவர் ஐயுற வைக்கும் ஏற்பாட்டின் முழுக் கொடுமையும் அங்குத் தெரிகின்றது. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' என்னும் 1979ஆம் ஆண்டுத் தொகுதியும் லயத்து உள்வாழ்வை நெருங்கிப் பார்த்தமையாலேயே நிலைத்தது.

தோட்ட மக்கள் தம் அச்சத்துக்குத் தாமே கண்ட வடிகால்களையும் திறனாய்வாளன் புறக்கணித்தல் ஆகாது. தேயிலை ஆலையின் பெருஞ்சக்கரம் கையையோ காலையோ கவர்ந்துவிடுமென்று அஞ்சியோர், ரோதைமுனி என ஒரு தெய்வத்தை அங்கு நிறுத்தினர். கவ்வாத்துத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் இட்டனர். எதற்கு அஞ்சினரோ அதற்கே பொங்கலிட்டு உறவாக்கிக்கொண்டனர். மாசியிற் காமன் கூத்து. பின்னர் பொன்னர் சங்கர். பகலில் தலைப்பாகையை அவிழ்த்து நின்றவன் இரவில் வாளேந்தி, களம் முழுதும் அதிர முழங்கினான், விழுந்தான், எழுந்தான். அவ்விரவிற் சிந்தியது குருதியன்று, குங்கும நீரே. வேட்டுவ வரியின் சாலினி ஆடிய ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிதன்று. ஆனால் எயினர் ஆட்டம் நிரைகவர்தலில் முடிந்தது, இவர்தம் ஆட்டம் விடியற்காலத்துத் தப்பொலியில் முடிந்தது. கூத்துக்கு அடித்த அதே தப்புத்தான் வேலைக்கும் அழைத்தது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பால ஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பட்ட நெடும்பாடல் அப்பறையொலியோடு தொடங்குவது தற்செயலன்று.

வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்த மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசுகளும் கையொப்பமிட்டன. பிரிந்துசெல்வோரை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பாலையின் உரிப்பொருளாகிய பிரிவு இவ்வாறு அரசாங்க முத்திரையோடு வந்து சேர்ந்தது. பழைய அச்சம் துரையின் முகத்தைக் கொண்டிருந்தது. புதிய அச்சத்துக்கு முகமே இல்லை.

அதன்பின் நேர்ந்தவற்றைப் படிக்கும்போது பெத்தேகமவின் மான் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1840ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி முடிக்குரியதாக்கப்பட்டுத் தோட்டங்களுக்கு விற்கப்பட்ட காணிகளின் விளிம்பில், கண்டிச் சிங்கள உழவர் தலைமுறை தலைமுறையாக நிலமின்றி நெருங்கி வாழ்ந்தனர். அவர்தம் குறை பொய்யன்று. ஆயினும் அதனை உண்டாக்கியோர் எட்டாத் தொலைவில் இருந்தனர்; லயத்தில் இருந்தவனே கைக்கெட்டினான். 1977இலும், 1981இலும், 1983இலும் தோட்டங்களில் தீ வைக்கப்பட்டது. வேலுப்பிள்ளை தம் இறுதிக் காலத்தில் எழுதிய நாவல் இவ்வன்செயற் சூழலில் எழுந்தது. 'இனிப் படமாட்டேன்' என்னும் அதன் பெயரிற் சூளுரை தொனிப்பினும், உள்ளே கேட்பது களைப்பே. அச்சூளுரையை மட்டும் எடுத்துப் போற்றுவோர் நூலைப் பாதியே படித்தவராவர்.

அவ்வாண்டுகளில் இருப்பிடம் எரிந்தோர் பலர் மலையை விட்டு இறங்கி, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றனர். மழையும் மூடுபனியும் பீலி நீரும் அறிந்தவர்கள் காய்ந்த காட்டை வெட்டி, கிணறு தோண்டி, வெயிலிற் குடிசை கட்டினர். சில ஆண்டுகளில் போர் அங்கும் அவர்களைத் தொடர்ந்தது. ஆயினும் அவர்கள் புறப்பட்ட நாளில், மாங்காட்டு மறையோன் அஞ்சத்தக்கதெனக் கூறிய வெம்மையும் வறட்சியும் உடைய நிலத்தையே, இரவில் கதவைச் சாத்தி உறங்கத்தக்க இடமென்று தேடிச் சென்றனர்.